ஐஸ்காரன் வீட்டுக் குளிர்பெட்டி

மாமு,

இன்று காலை என் மருமகளிடம் கத்திவிட்டேன். கல்யாணமாகி வந்த இந்த நாலு வருஷத்தில் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை நான். பெற்ற மகனுக்குக் கிடைக்காத மரியாதை என்னிடம் அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவளை, சமையலறை வாசலில் நின்றுகொண்டு, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எடு கையை" என்று கத்தினேன்.

அவள் செய்தது இவ்வளவுதான். ஃபிரிட்ஜின் மேல் அறையில் ஐஸ் பிடித்து இறுகிப்போயிருந்த மீன் டப்பாவைப் பெயர்க்க, வெங்காயம் அரிகிற கத்தியின் முனையைக் கொடுத்து நெம்பினாள். நான் போட்ட சத்தத்தில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "ஒரு டப்பாவுக்கா வாப்பா இந்தக் கூப்பாடு" என்றான் மகன். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண்மேல் கிடந்த என் பழைய வேலைப்பையை இறக்கினேன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், துருவேறிய இரண்டு திருப்புளி, கறுப்பு டேப் சுருள் எல்லாவற்றுக்கும் அடியில், கோணித் துணியில் சுற்றியபடி உன் குத்தூசி இருந்தது.

பிரித்தேன். ஒரு சாண் நீளத்துக்கு எஃகு ஊசி, கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போன மரப்பிடி. ஈர மரத்தூள் வாசனை அடித்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாசனை எங்கிருந்து வரும், நானாகச் சேர்த்துக்கொண்டதாகத்தான் இருக்கும். ஆனால் அடித்தது.

உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே இருந்துவிட்டேன், மாமு. நீ இருந்த காலத்தில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். இப்போதுதான் நீ குறுக்கே பேச மாட்டாயே.

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டுக் கரைக்குப் போகிற வழியில் உன் ஐஸ் கிடங்கு. நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வயர்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளி வேலை செய்வேன். உன் கிடங்கில் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டு அனுப்பியிருந்தாய். வந்து பார்த்தால், ஐஸ் உருகிய தண்ணீரில் கணுக்கால் முழுக நின்றுகொண்டு, ஈரக் கையால் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தண்ணில நின்னுகினு சுச்சைத் தொடாதய்யா" என்றேன்.

"நான் பொறந்ததுலேர்ந்து தண்ணிலதான் பாய் நிக்கறேன்" என்றாய்.

"கரண்டுக்கு அது தெரியாது."

நீ சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. நம் தோஸ்தி அப்படித்தான் ஆரம்பித்தது, கடைசி வரைக்கும் அப்படியேதான் நடந்தது. நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், உன் பெண்டாட்டி, எனக்கு அண்ணி, டீ போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்வாள்.

உன் வேலையைப் பற்றி மட்டும் நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆள் உயரப் பாளம் வண்டியில் வந்து இறங்கும். மரத்தூளைத் தட்டிவிட்டு, உள்ளங்கையை மேலே வைத்துத் தடவிப் பார்ப்பாய். இடுப்பிலிருந்து குத்தூசியை உருவி மூன்றே குத்து. பாளம் ரம்பம் போட்டு அறுத்த மாதிரி இரண்டாகப் பிரிந்து விழும். "ஐஸுக்கும் நரம்பு கீது பாய். நரம்பைப் பாத்துக் குத்துனா தானா வுட்டுடும்" என்பாய். மீன்கூடையோடு வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாருக்கும் உன்னிடம்தான் ஐஸ் வாங்கவேண்டும். வேறு ஆள் உடைத்தால் பாதி தூளாகிப்போகும். அந்தக் குத்தூசி இடுப்பில் இல்லாமல் நீ கோயிலுக்குக்கூடப் போனதில்லை என்று அண்ணி சொல்வாள்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு நீ, உனக்கு அவள். அவ்வளவுதான் அந்த வீடு. கிடங்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் மீன்காரிகளோடு சண்டை போடுவதைக் கேட்கத் தெருவே நிற்கும். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை நீதான் முதலில் கவனித்தாய். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், இளைத்துத் துரும்பானாள். காலில் முள் குத்திய புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. சக்கரை வியாதி என்றார் டாக்டரம்மா. தினமும் இன்சுலின் ஊசி போடவேண்டும். மருந்துப் புட்டியைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் வீரியம் போய்விடும் என்றும் சொன்னார்.

"ஐஸ்காரன் பொண்டாட்டிக்குக் குளிர்ச்சிக்கா பஞ்சம்" என்று அன்று நீ மார்தட்டிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரிய மண்பானையில் ஐஸை நிரப்பி, நடுவில் புட்டியைப் புதைத்து வைத்தாய். மழைக்காலத்தில் சரியாக இருந்தது. கத்திரி வெயில் வந்ததும் மத்தியானத்துக்குள் பானை வெந்நீர்த் தொட்டியாகிப்போனது. அப்போது நீ ஒரு வேலை செய்தாய். ஐஸ் தொழிலில் இருக்கிறவனைத் தவிர வேறு எவனுக்கும் அது தோன்றியிருக்காது. தூரத்து ஊருக்கு மீன் அனுப்பும்போது ஐஸோடு உப்பு சேர்ப்பீர்களே, குளிர் இன்னும் ஏறுமே, அதே மாதிரி பானையில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டாய். மருந்து கல்லாக உறைந்தது. காலையில் கையில் வைத்து உருட்டி உருக்கி, கம்பவுண்டரிடம் கொடுத்து ஊசி போடவைத்தாய். உறைந்த மருந்துக்கு வேலை செய்யத் தெரியாது என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாலாம் நாள் அண்ணியை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு மிதந்தது. "மருந்தை நீங்களே கொன்னுட்டீங்க" என்றார். நீ அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன்னை நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. அண்ணி கண் விழித்த பிறகு வராந்தாவுக்கு வந்து என் தோளைத் தொட்டாய்.

"பாய், அந்தத் தொரை வூட்ல ஒரு ஐஸ் பொட்டி கீதுன்னியே. அத்த எனக்கு வாங்கிக் குடு."

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்துப் பக்கம் பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வயரிங் பார்த்துவந்த ஒரு பங்களாவில், ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலத்துக் குளிர்பெட்டி ஒன்று விலைக்கு இருந்தது. வெள்ளை எனாமல், நாலு கால், அலமாரிக் கதவு மாதிரி கனமான கதவு, அதில் பித்தளைத் தாழ்ப்பாள். மீன் வண்டியில் படுக்கப்போட்டு, கயிறு கட்டி, நாலு பேரோடு நீ தள்ளிக்கொண்டு வந்தாய். ராயபுரமே வேடிக்கை பார்த்தது. "ஐஸ்காரன் வூட்டுக்கு ஐஸ் பொட்டி வருதுடா" என்று பொடிசுகள் பின்னாலேயே ஓடிவந்தன.

எனக்குக் கோபம் அங்கேயே ஆரம்பித்தது. படுக்கப்போடாதே, நிமிர்த்திக் கொண்டுவா என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இறக்கியதும், "இன்னிக்குக் கரண்டு கொடுக்க மாட்டேன். நாளைக்குத்தான்" என்றேன்.

"ஏன் பாய், படுத்து எய்ந்தா அதுக்குத் தலை சுத்துமா?"

"ஆமா. உள்ள எண்ணெய் எடம் மாறியிருக்கும். எறங்கட்டும்."

கூட்டம் சிரித்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நேற்றைவிடப் பெரிய கூட்டம். நீ பெட்டியைச் சுவரோடு ஒட்டி, முருகன் படத்துக்குக் கீழே நிறுத்தியிருந்தாய். இழுத்து ஒரு முழம் முன்னால் வைத்தேன். அதன் முதுகில் சூடு வரும், காற்று போக இடம் வேண்டும், அடுப்பும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றேன். அண்ணி அதற்குள் நாலு தகரக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நாலு காலுக்கும் அடியில் வைத்துவிட்டாள். மீன் வைக்கிற கம்பிவலை அலமாரிக்கு எறும்புக்காக வைப்பாளே, அந்தப் பழக்கம். "அண்ணி, கரண்டுப் பொட்டிக்குக் கீழ தண்ணி வேணாம்" என்று எடுக்கச் சொன்னேன். "எறும்பு ஏறுனா நீதான் பதில் சொல்லணும் பாய்" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

பிறகு எர்த்து. இரும்புப் பெட்டி, கடல்காற்று, எந்நேரமும் ஈரத்தில் ஊறுகிற சிமெண்டுத் தரை, செருப்புப் போடாத நீங்கள் இரண்டு பேர். உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து பெட்டியில் பட்டால், கதவைத் தொடுகிற கையோடு ஆள் காலி. அந்தக் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோய்விட மூன்றாவது கம்பி வேண்டும். கொல்லையில் இடுப்பளவு பள்ளம் தோண்டினேன். இரும்புக் குழாயை நட்டு, சுற்றி ஒரு வரிசை கரி, ஒரு வரிசை உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு என்று போட்டு மிதித்தேன். உப்பு உன் கிடங்கு மூட்டையிலிருந்து எடுத்தது. நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாய். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாய். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, என்னமோ வரப்போகிறது என்று.

"பாத்துக்கோங்கப்பா. பாய் பூமாதேவிக்கே கருவாடு போடறாரு."

கொல்லை, மதில், பக்கத்து வீட்டு மாடி எல்லாம் சிரித்தது. ஒரு மீன்காரி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மாமு, அது நல்ல நக்கல்தான். வேறு எவனைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அந்தப் பள்ளத்தை நான் உன் உயிருக்கும் அண்ணி உயிருக்குமாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். முதுகில் வெயில், கையில் கொப்புளம். அத்தனை பேர் நடுவில் நீ என் தொழிலைக் கூத்தாக்கிவிட்டாய். எனக்கு உள்ளே சுருக்கென்று ஏதோ குத்தியது. காட்டிக்கொள்ளவில்லை.

வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்துவைத்து, செய்யவேண்டியது செய்யக்கூடாதது ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஈரக் கையால் தொடாதே. முன்னால் ஒரு பலகை போட்டு, அதன்மேல் நின்று திற. துடைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடை. கொதிக்கிற குழம்பை உள்ளே வைக்காதே. கோடையில் வாரம் ஒரு தரம் அந்த எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்று. மருந்தைக் கீழ்த்தட்டில் வை, மேலே வைத்தால் உறைந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் நீ ஒரு பதில் வைத்திருந்தாய், ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. மேலே இருந்த ஐஸ் அறையைக் காட்டினேன். அந்தத் தகடு வெறும் தகடு இல்லை, அதற்குள் குழாய், குழாய்க்குள் விஷக் காற்று ஓடுகிறது. ஐஸ் படிந்தால் பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவை, தானாக உருகட்டும், எதைக் கொண்டும் குத்தாதே. இதைச் சொல்ல வாய் எடுத்தேன்.

நீ முந்திக்கொண்டாய். "ஐஸ் வந்துட்ச்சி. இனிமே பாய் கம்முனு குந்தட்டும். இத்த நான் அவருக்குச் சொல்லித் தர்றேன்."

மறுபடியும் சிரிப்பு. உன் இடுப்பைப் பார்த்தேன். குத்தூசி அங்கேதான் இருந்தது. நன்றாகப் பார்த்தேன், மாமு. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பெரிய ஐஸ்காரன், நீயே பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன். "எல்லாம் சொல்லிட்டேன்" என்று வெளியே சொன்னேன். அண்ணி கொண்டுவந்த டீயைக்கூடக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கோபம் ஆறியது. சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று வந்தால், அண்ணி சில்லென்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள், நீ ஏதாவது கதை எடுப்பாய், பேச்சு எங்கேயோ போய்விடும். வலியப் போய்ச் சொன்னால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்கிற கூச்சமும் இருந்தது. இப்படியே ஏழெட்டு மாதம் போய்விட்டது.

அந்த மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. அண்ணி தேறினாள், கால் புண் ஆறியது, மீன்காரிகளோடு சண்டை பழைய சுருதிக்கு வந்தது. நீ மட்டும் அந்தப் பெட்டித் தண்ணீரைத் தொடவே மாட்டாய். "மிசின் குளிரு எனக்கு வேணாம், என் ஐஸைப் போட்டுக் குடு" என்பாய். ஆனால் ஒரு நாளைக்கு நாலு தரம், பலகைமேல் ஏறி நின்று, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து புட்டி இருக்கிறதா என்று பார்ப்பாய். "கோயில் நடை தொறக்கறா மாதிரி தொறக்கறாரு பாய்" என்று அண்ணி உன் முதுகுக்குப் பின்னால் எனக்கு நடித்துக் காட்டுவாள். என்னைக் கேலி செய்தாயே தவிர, நான் சொன்னதில் ஒன்றைக்கூட நீ மீறவில்லை. சொன்னதை எல்லாம் செய்தாய். சொல்லாததுதான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வஞ்சிரக் குழம்பு, வந்து துன்னுட்டுப் போ என்று அண்ணி சொல்லியனுப்பியிருந்தாள். உங்கள் தெரு முனை திரும்பும்போதே மூக்கில் ஏறியது. ஒரு பெட்டித் தீக்குச்சியை ஒன்றாகக் கிழித்த மாதிரி கந்தக நாற்றம். பங்களாவில் ஒரு தரம் மெக்கானிக் அந்தக் காற்றைக் கொஞ்சம் திறந்து காட்டி என்னை ஓடவிட்டிருக்கிறார். நாற்றம் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது என்ன நடந்திருக்கிறது என்று. ஓடினேன்.

உள்ளே புகை மாதிரி ஏதோ மிதந்தது. நீ பெட்டி முன்னால் பலகைமேல் நின்றுகொண்டு, ஐஸ் அறைக்குள் கையை விட்டு, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டிருந்தாய். விரல் இடுக்கில் புஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. இருமி இருமி உடம்பு மடங்குகிறது, விரலை மட்டும் எடுக்கமாட்டேன் என்கிறாய். குத்தூசி காலடியில் கிடந்தது.

"வுடு மாமு. வெளிய வா."

"மருந்து கெட்டுப்பூடும் பாய். குளிரு பூடும்."

"அண்ணி எங்க?"

அப்போதுதான் உனக்கு உறைத்தது. ஊசி போட்டதால் வேளைக்கே சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தோள் துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கி மூக்கைக் கட்டிக்கொண்டு நான் உள்ளே ஓட, நீ பின்னாலேயே வந்தாய். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கை பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்து போட்டோம். மீன்காரிகள் குடத்துத் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றினார்கள். நான் மெயினை அணைத்தேன். திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணவில்லை.

நீ திரும்ப உள்ளே போயிருந்தாய்.

நான் வாசற்படியை மிதிப்பதற்குள் நீயே வெளியே வந்து, படியில் முழங்காலிட்டு விழுந்தாய். விரலைப் பிரிக்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தாய். பிரித்தால் உள்ளே மருந்துப் புட்டி. அண்ணியைத் தேடிக் கையை நீட்டினாய். "உறையல. நல்லா கீது. பாரு" என்றாய். உன்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணி இரண்டே நாளில் தேறிவிட்டாள். உன் கண்ணும் பிழைத்தது. நெஞ்சுதான் பழுதாகிப்போனது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாய். கண்கட்டு அவிழ்க்காத ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் கையளவு படிந்துபோய்ப் பெட்டிக்குக் குளிர் குறைகிற மாதிரி இருந்ததாம். மருந்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, நரம்பு பார்த்து மூன்றே குத்துக் குத்தினாயாம். மூன்றாவது குத்தில் சீறியதாம். மூச்சை இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தாய். பிறகு கேட்டாய்.

"குத்தக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லியே பாய்."

சொல்லிவிடத்தான் நினைத்தேன். நீ என் பக்கம் தலையைத் திருப்பினாய். கட்டுப்போட்ட கண், ஆனால் என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. பிறகு நீயே சொன்னாய்.

"மறந்துட்டிருப்ப. அவ்ளோதான். வுடு."

"ஆமா மாமு. மறந்துட்டேன்" என்றேன்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பெட்டியின் உயிர் போய்விட்டது, இந்தக் காலத்தில் இதற்குச் சாமான் கிடைக்காது என்று சொல்லிப் போய்விட்டார். மருந்தை எங்கே வைப்பது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நீதான் வழி கண்டுபிடித்தாய். ஓட்டையான ஐஸ் அறையைக் கழற்றச் சொன்னாய். அந்த இடத்தில் ஒரு தகரத் தட்டு, அதில் தினமும் உன் கிடங்கு ஐஸ், உருகுகிற தண்ணீருக்கு ஒரு ரப்பர் குழாய், கீழே ஒரு வாளி. மருந்து கீழ்த்தட்டில், ஐஸ் படாமல். கதவும் சுவரும் கனமானவையாச்சே, உள்ளே பிடித்த குளிர் வெளியே போகவில்லை. டாக்டரம்மாவே வந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார். "மிசின் செத்தா இன்னா, ஐஸ்காரன் சாவலியே" என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் நான் மறுபடி சிரித்தேன்.

நான் என் பங்குக்கு வயரை வெட்டினேன். பித்தளைத் தாழ்ப்பாளையும் கழற்றி எறிந்துவிட்டு, கதவுக்கு ஒரு கயிற்றுக் கண்ணி மாட்டினேன். தெருப் பொடிசுகள் ஒளிந்து விளையாடுகிற வீடு, ஏதாவது ஒன்று உள்ளே புகுந்து கதவு தாழிட்டுக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. இதை உன்னிடம் இரண்டு தரம் சொன்னேன். அண்ணியிடம் ஒரு தரம். வந்து நின்ற பொடிசுகளிடமும் ஒரு தரம். நீ ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

எர்த்துக் குழிக்கு இனி வேலை இல்லை. ஆனாலும் கோடை வந்தால் வாரம் தவறாமல் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் அதில் ஊற்றினாய். "பொட்டிக்கே கரண்டு இல்ல, இன்னாத்துக்கு மாமு" என்றேன் ஒரு நாள். "பாய் போட்ட கருவாடாச்சே" என்றாய். வழக்கமாக அதற்குப் பிறகு வருகிற சிரிப்பு வரவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு இருமிக்கொண்டே உள்ளே போனாய்.

அந்த இருமல் உன்னை விட்டுப் போகவில்லை. ஐப்பசி பிறந்தால் ஆரம்பிக்கும், தை வரைக்கும் இழுக்கும். குத்தூசியை நீ மறுபடி தொடவில்லை. கிடங்கில் ஆள் வைத்து உடைத்தாய், நின்று வழி மட்டும் சொன்னாய். நாம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது நீ இருமினால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அந்த ஒவ்வொரு இருமலும் என்னால் வந்தது. உனக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு மாரிக்காலத்தில் நீ போனாய். அண்ணி இருந்தாள். நான் வந்து உட்கார்ந்தபோது, மடியிலிருந்து ஒரு கோணிச் சுருளை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இத்த உன் கைலதான் குடுக்கணும்னாரு பாய். அப்பால இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு."

"இன்னா அண்ணி?"

"அன்னிக்கு அந்தக் கருவாட்டுப் பேச்சு பேசியிருக்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு. எந்தக் கருவாடுய்யான்னு கேட்டேன். பாய்க்குத் தெரியும்னுட்டாரு."

எனக்குத் தெரிந்தது. மாமு, நீ எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தாய். கட்டுப்போட்ட கண்ணோடு, மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தவன், நான் ஒளிந்துகொள்ள ஒரு பொய்யை நீயே செய்து என் கையில் கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் நான் உன் இருமலைப் பார்த்து வெட்கப்பட்டேன். நீ அந்தக் குழியைப் பார்த்து வெட்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். இரண்டு கிழட்டு மடையர்கள்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் மறக்கவில்லை. எனக்குக் கோபம். அதனால் சொல்லவில்லை. உன் நக்கலுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அதை நீ உன் தலையில் போட்டுக்கொண்டு போனது எனக்குத் தாங்கவில்லை. ஒருவன் சிரித்தான் என்பதற்காக அவன் உயிரைக் காக்கிற வார்த்தையை மடித்து வைத்துக்கொண்டவன் நான். என்னை மன்னித்துவிடு.

அந்தக் குத்தூசியைப் பிறகு வேலைக்குப் போன இடமெல்லாம் பையில் வைத்துக்கொண்டு போனேன். சில வீடுகளில் திமிராகப் பேசுவார்கள். சில இடங்களில் எனக்குத் தெரியாததா என்பார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் கால் பரபரக்கும். திருப்புளியை உள்ளே போடும்போது உன் மரப்பிடி விரலில் படும். திரும்பி வந்து பாக்கியையும் சொல்லிவிட்டுத்தான் போவேன். தெரிந்தவனிடம் இரண்டு தரம் சொல்வேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. உட்காரச் சொன்னேன். ஃபிரிட்ஜை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, தானாக உருகவிட வேண்டும், கத்தி கிட்டேயே போகக்கூடாது, உள்ளே இருப்பது வெறும் தகடு இல்லை, விஷக் காற்று ஓடுகிற குழாய் என்று நிதானமாகச் சொன்னேன். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"அய்ய மாமா, இப்ப வர்ற ஃபிரிட்ஜ்ல அந்தக் கேஸெல்லாம் கெடையாது. ஒரு மீன் டப்பாவுக்குப் பள்ளிவாசல்ல பேசற மாதிரி இத்தினி பெரிய பயானா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய் என் மகனிடம் நடித்துக் காட்டினாள் போலிருக்கிறது, அவனும் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

சிரிக்கட்டும், மாமு. சொல்லிவிட்டேன்.